பேனலில் மூன்றாவது ஆள்

பழைய மாணவர் சங்கத்தார் குலுக்கலுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு கொண்டுவந்திருந்தார்கள். ரம்யா கைவிட்டு எடுத்த சீட்டில், 'அன்புசெல்வன், மனிதவளத் துறை, கும்மிடிப்பூண்டி சிப்காட்' என்று எழுதியிருந்தது. அவளுக்கு முன்னால் எடுத்த பெண்ணுக்குக் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம் விழுந்துவிட்டது. அதற்கு முன்னால் எடுத்த பையனுக்குப் பொன்னேரியில் ஒரு பல் டாக்டர். கப்பல் போன பிறகு தூக்கில் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது என்று ரம்யாவுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

"மனிதவளம்னா இன்னா மிஸ்?"

"எச்.ஆர்.," என்றார் வகுப்பாசிரியை. அதற்குமேல் அவரிடமும் விளக்கம் இல்லை.

திட்டம் சங்கத் தலைவர் ஆதிநாராயணனுடையது. புதுவாயல் கூட்டுரோட்டில் பைப்பும் ஆணியும் விற்கிற கடைக்காரர். பள்ளிக்குச் சுற்றுச்சுவர், குடிநீர் மெஷின், மேடைக்குக் கூரை எல்லாவற்றையும் சங்கம் முன்பே செய்து முடித்துவிட்டதால் இந்த வருஷம் செய்வதற்கு எதுவும் அகப்படவில்லை. "நம்ம பசங்க மேல இன்னா படிக்கறதுன்னு பக்கத்து ஊட்டுக்காரன கேட்டுக்கினு கீறாங்க. வேலன்னா இன்னான்னு அவங்களே கண்ணால பாக்கட்டும். லீவுல ஒரு வாரம், ஒவ்வொரு பழைய மாணவரும் ஒரு புள்ளைய கூட வெச்சிக்கணும். கை தூக்குங்க," என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். அன்புசெல்வனும் அப்படித்தான் தூக்கினார். தூக்கியதோடு நிற்காமல் மேடைக்கு வந்து, "என்னை சார்னு கூப்பிடாதீங்க, நானும் இதே பெஞ்சில உக்காந்தவன்தான், அண்ணன்னு கூப்பிடுங்க," என்றும் பேசினார்.

அன்று மாலை ரம்யா வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவள் அப்பா முனுசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தக் கம்பெனி?"

சொன்னாள்.

"பெயிண்ட் பக்கெட்டு செய்றானே, அதுவா?"

"ஆமா."

"அதுலதான் நான் கீறேன்."

ரம்யாவுக்கு அது புதுச் செய்தி. அப்பா சிப்காட்டில் வேலை செய்கிறார் என்பது தெரியும். ஊரில் இருந்த துண்டு நிலத்து நெல் சாப்பாட்டுக்குக் காணும், மற்ற எல்லாவற்றுக்கும் சிப்காட்தான் என்பதும் தெரியும். எந்தக் கம்பெனி என்று வீட்டில் பேச்சு வந்ததே இல்லை. கான்ட்ராக்ட் என்று சொல்வார்கள். அதுவே கம்பெனியின் பெயர் போல ஆகியிருந்தது.

"அங்க என்ன பாத்தா தெரியாத மாரி போய்க்கினே இரு," என்றார் முனுசாமி.

"ஏம்ப்பா?"

"அப்பறம் சொல்றேன்," என்று கை கழுவ எழுந்துவிட்டார். அவர் அப்பறம் என்றால் அந்தப் பேச்சு முடிந்தது என்று பொருள்.

அம்மா கல்பனாதான் தட்டை எடுத்துக்கொண்டே விளக்கம் கொடுத்தாள். "அவரு பக்கெட்டு சொமக்கசொல்ல நீ ஏசி ரூம்ல உக்காந்துனு இருப்ப. கூட வேல செய்றவனுங்க வாய் சும்மா இருக்குமா? அத்தான்."

கம்பெனி வாசலில் அன்புசெல்வன் தானே வந்து அழைத்துப் போனார். ரம்யா மனப்பாடம் செய்துகொண்டு வந்தபடி, "வணக்கம்ணா," என்றாள். அவர் செக்யூரிட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இங்க மட்டும் சார்னு கூப்புடும்மா," என்றார்.

அவளுக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார்கள். பிறகு பதினெட்டு வயது ஆகாதவர்களை மெஷின் ஓடும் ஷெட்டுக்குள் விடக் கூடாது என்ற விதியை யாரோ நினைவுபடுத்தினார்கள். ஹெல்மெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது எச்.ஆர். அறை மட்டும்தான். அதில் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் லாரி ஏற்றும் முற்றம். அங்கே ஆட்கள் வெள்ளைப் பக்கெட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகித் தூண் தூணாகத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்கள். அவர்களில் நீலச் சட்டை போட்ட ஒருவர் கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் போவதற்கென்றே கழுத்தை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு நடந்தார். சுளுக்குப் பிடித்தவர் போல இருந்தது. ரம்யாவும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவள் அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது.

அவளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று அன்புசெல்வனுக்குத் தெரியவில்லை. முதலில் அடையாள அட்டைகளை லேமினேட் செய்யச் சொன்னார். அது முடிந்ததும் காகிதங்களை பின் அடிக்கச் சொன்னார். அதுவும் முடிந்ததும், "நான் பேசறத கவனிம்மா, அதான் எச்.ஆர்.," என்றார்.

ரம்யா கவனித்தாள். அன்புசெல்வன் காலையிலிருந்து போனில் பேசினார். லீவு கேட்பவர்களிடமும், சம்பளச் சீட்டில் சந்தேகம் கேட்பவர்களிடமும், பஸ் வரவில்லை என்பவர்களிடமும் அவர் இரண்டு பதில்கள் வைத்திருந்தார். ஒன்று, 'பாக்கலாம்.' மற்றது, 'மேல கேட்டு சொல்றேன்.' முதலாவதற்கு இல்லை என்று அர்த்தம். இரண்டாவதற்கு இனிமேல் போன் செய்யாதே என்று அர்த்தம். ஆனால் அவர் யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. போனை வைத்த பிறகு ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, அவரிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது இரண்டாம் நாளே ரம்யாவுக்குப் புரிந்துவிட்டது.

வாரக் கடைசிக்கு முன் கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை மெஷின் ஆபரேட்டராக நிரந்தரம் செய்வதற்கான இன்டர்வியூ வந்தது. கேள்வி கேட்க மூன்று பேர் என்று ஏற்பாடு. அன்புசெல்வன், மெயின்டெனன்ஸ் பார்க்கும் துளசிராமன், புரொடக்‌ஷன் மேனேஜர் ஸ்ரீராமன். ஆட்கள் எல்லோரும் குளித்து, தலை வாரி, வராந்தாவில் வந்து உட்கார்ந்த பிறகு ஸ்ரீராமன் போன் செய்தார். செங்குன்றம் தாண்டி ஒரு கன்டெய்னர் கவிழ்ந்து ரோடு முழுக்க அடைத்துக்கொண்டிருக்கிறதாம். எப்போது வருவேன் என்று சொல்ல முடியாதாம்.

"ரெண்டு பேரா முடிச்சிரலாமா?" என்றார் துளசிராமன். ரிட்டயர்மென்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த மனிதர். அவருக்கு எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

"ஹெட் ஆபீஸ்ல பேனல்னா மூணு பேர்னு போட்டுருக்கு சார்."

துளசிராமன் அறையைச் சுற்றிப் பார்த்தார். லேமினேட் செய்து முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த ரம்யா மேல் பார்வை நின்றது. "இந்தப் பொண்ணு இன்னா பண்ணுது?"

"அது ஸ்கூல் பொண்ணு சார். இன்டர்ன்ஷிப்."

"வேலைய பாக்கத்தானே வந்துகீது? பாக்கட்டும். மூணு பேர்னுதானே போட்டான், வயசு போடலியே."

இந்த வாதத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அன்புசெல்வனின் முகத்தில் தெரிந்தது. அந்த ஓட்டையைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்துக்குள் துளசிராமன் மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். ரம்யாவுக்கு ஒரே ஒரு கேள்வி கொடுத்தார்கள். 'உங்களுடைய பலவீனம் என்ன?' எல்லாப் பதிலையும் கேட்டுப் பத்துக்கு மார்க் போட வேண்டும்.

வந்தவர்களிடம் துளசிராமன் மெஷினைப் பற்றிக் கேட்டார். பக்கெட்டின் விளிம்பில் பிளாஸ்டிக் பிதுங்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வாய் என்பது அவருக்குப் பிடித்த கேள்வி. சூட்டைக் குறைப்பேன் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் சரி என்று தலையை ஆட்டினார். பலவீனம் என்ன என்று ரம்யா கேட்டதற்கு முதல் ஆள், "ரொம்ப ஓவரா ஒழைப்பேன் மேடம்," என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். கான்ட்ராக்டர் வாசலில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார் போல. அப்பாவு என்ற பெயருள்ள ஒருவர் மட்டும், "சக்கர கீது மேடம்," என்று உண்மையைச் சொன்னார். ரம்யாவுக்குத் தன்னை மேடம் என்று கூப்பிடுவது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு ஆறு போடுவதா ஏழு போடுவதா என்ற கவலையில் அது மறந்துபோனது.

பிறகு அன்புசெல்வன் கதவுப் பக்கம் பார்த்து, "முனுசாமி," என்று கூப்பிட்டார்.

ஊரில் முனுசாமிகள் நிறைய. அதனால் ரம்யா நிமிரக்கூட இல்லை. வெள்ளைச் சட்டை உள்ளே வந்த பிறகுதான் பார்த்தாள். மாமா கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. காலையில் அம்மா அதை இஸ்திரி போட்டபோது, யாருக்கோ விசேஷம் என்று அவள் நினைத்திருந்தாள்.

முனுசாமி துளசிராமனைப் பார்த்து, "வணக்கம் சார்," என்றார். அன்புசெல்வனைப் பார்த்து, "வணக்கம் சார்," என்றார். மூன்றாவது நாற்காலிக்கு வந்ததும் கூப்பிய கை அப்படியே நின்றது. பிறகு, "வணக்கம் மேடம்," என்றார்.

ரம்யா வாயைத் திறந்தாள். அப்பாவின் கண் அசையாமல் அவள் மேலேயே இருந்தது. சாப்பிட்ட கையோடு அன்றைக்குச் சொன்ன அதே கட்டளை. அவள் வாயை மூடிக்கொண்டு, "உக்காருங்க," என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவிடம் 'ங்க' போட்டது அப்போதுதான்.

"விளிம்புல பிளாஸ்டிக் பிதுங்குது. இன்னா பண்ணுவ?" என்றார் துளசிராமன்.

"சூட்ட ஏத்துவேன் சார்."

துளசிராமன் தலையை ஆட்டவில்லை. "ஏத்துவியா?"

"ஏத்துவேன் சார்." முனுசாமிக்கு நெற்றியில் வேர்த்தது. அறையில் ஏசி நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

அன்புசெல்வன், ஏன் நிரந்தர வேலைக்கு வர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்.

"ஷிப்டு முடிஞ்சி ஊட்டுக்குப் போவசொல்ல, நாளைக்கு வேல கீதான்னு கேட்டுக்கினு போறோம் சார். கேக்காம போவணும். அவ்ளோதான்."

அன்புசெல்வன் எதையோ எழுதினார். எழுதிவிட்டு வழக்கம்போல மேஜையைப் பார்த்தார். பிறகு ரம்யாவிடம், "கேளும்மா," என்றார்.

"உங்களுடைய பலவீனம் என்ன?" ரம்யாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. துளசிராமன், "சத்தமா," என்றார். மறுபடியும் கேட்டாள்.

முனுசாமியும் வாசலில் மற்றவர்களோடு நின்று அந்தப் பதிலைக் கற்றுக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். அது அவர் வாய் வரைக்கும் வந்துவிட்டுப் போனதை ரம்யா பார்த்தாள். தன் பெண்ணின் முகத்தைப் பார்த்து, ஓவராக உழைப்பேன் என்று சொல்ல அவருக்கு வரவில்லை.

"எதுனா கேட்டா பதில் சொல்ல மாட்டேன் மேடம்," என்றார். "ஊட்ல பொண்ணு கேக்கும். அப்பறம்னு சொல்லிட்டுப் போய்க்கினே இருப்பேன். எனக்குத் தெரியாததுன்னாலும் அப்பிடித்தான், தெரிஞ்சதுன்னாலும் அப்பிடித்தான். அது தப்புதான்."

"ஊட்ட உடுய்யா. வேலைல எப்பிடி?" என்றார் துளசிராமன்.

"வேலைல அந்த மாரி பேஜாரு இல்ல சார். இங்க என்ன யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

அவர் போய்க் கதவு சாத்திக்கொண்டது. துளசிராமன் மார்க் போட்டார். அன்புசெல்வன் போட்டார். ரம்யா பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து போட்டால் தப்பு. பூஜ்யம் போட்டாலும் தப்பு. சூட்டை ஏற்றுவேன் என்று சொன்னதற்குக் குறைத்து, கடைசியாகச் சொன்னதற்குக் கூட்டி நியாயமாகப் போட்டாலும், அது என்னவோ இன்னும் பெரிய தப்பாக இருக்கும் போலத் தோன்றியது.

"போடும்மா. இன்னும் நாலஞ்சி பேர் கீறாங்க," என்றார் துளசிராமன்.

"சார், அவரு எங்கப்பா."

துளசிராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அடப் போம்மா," என்றார். பிறகு, அவளுக்கே ஆச்சரியமாக, சிரிக்க ஆரம்பித்தார். "அந்தாளு ஒன்ன பாத்து மேடம்னான்யா!"

அன்புசெல்வன் சிரிக்கவில்லை. பதினாறு வயதுப் பெண் பேனலில் உட்கார்ந்தது ஒரு விஷயம். அந்தப் பெண் இன்டர்வியூவுக்கு வந்த ஆளின் மகளாக இருப்பது இன்னொரு விஷயம். கூட்டத்தில் கை தூக்கிய அந்த ஒரு நிமிஷத்தை அவர் மனதுக்குள் நொந்துகொண்டது ரம்யாவுக்கே தெரிந்தது.

"நம்ம ரெண்டு பேர் மார்க்கு போதும். அத்த உட்ரு," என்றார் துளசிராமன்.

"மேல கேட்டு சொல்றேன் சார்," என்றார் அன்புசெல்வன், பழக்க தோஷத்தில். ஆனால் இந்தத் தடவை உண்மையாகவே மேலே கேட்டார். ஒன்று விடாமல் சொன்னார். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் கேட்டார். பிறகு வராந்தாவுக்குப் போய், "சிஸ்டம் பிராப்ளம். அடுத்த வாரம் ஸ்ரீராமன் சார் வந்தப்பறம் முதல்லேருந்து எல்லாருக்கும் நடக்கும்," என்றார்.

"அந்த ரூம்ல சிஸ்டமே இல்லியே சார்," என்றது ஒரு குரல். அன்புசெல்வன் அதற்குள் அறைக்குள் போய்விட்டார்.

ஆட்கள் முனகிக்கொண்டே நல்ல சட்டைகளைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார்கள். கண்ணாடி வழியாக ரம்யா பார்த்தாள். அப்பா வெள்ளைச் சட்டையை இரண்டு தரம் உதறி, மடித்து, முற்றத்து ஓரத்தில் நின்ற தன் பைக்கின் பெட்டியில் வைத்தார். பிறகு பக்கெட் தூணைத் தோளில் சாய்த்துக்கொண்டார். இந்தத் தடவை கழுத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனார். அவளுக்கு அழுகை வந்தது. அன்புசெல்வன் ஒரு கட்டுக் காகிதத்தை நகர்த்தி வைத்து, "இத பின் அடிம்மா," என்றார். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தேவையில்லாத ஒரு ஃபைலைப் புரட்டினார்.

சாயங்காலம் அவள் ஷேர் ஆட்டோவுக்காக வாசலில் நின்றபோது முனுசாமி வண்டியைக் கொண்டுவந்து நேராக அவள் முன்னால் நிறுத்தினார். ஷிப்ட் விடுகிற நேரம். வாசல் முழுக்க ஆட்கள்.

"ஏறு."

"எல்லாரும் பாக்கறாங்கப்பா."

"பாக்கட்டும். ஏறு."

பின்னால் யாரோ, "இன்னா முனுசாமி, மேடத்த டிராப் பண்றியா?" என்று கத்தினார்கள். அவர் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கிளம்பினார்.

ஹைவேயில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு இடைவெளி கிடைத்தபோது, "நீ சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன். மார்க் போடச் சொன்னாங்க. போட முடியல."

முனுசாமி முன்னால் போன ஒரு லாரியைத் தாண்டினார்.

"போட்டிருந்தா எவ்ளோ போட்டிருப்ப?"

"ஆறு."

"ஆறா?" வண்டி லேசாக ஆடியது. "அந்த சக்கரக்காரனுக்கு எவ்ளோ?"

"ஏழு."

"அவனுக்கு ஏழு, எனக்கு ஆறா?"

"நீ சூட்ட ஏத்துவேன்னு சொன்னப்பா. எல்லாரும் கொறைப்பேன்னு சொன்னாங்க."

"அந்த மெஷினு அப்பிடித்தான். அதுங்கிட்ட கெடந்து பாத்தவனுக்குத்தான் தெரியும்," என்று ஆரம்பித்து, கூட்டுரோடு வரைக்கும் சத்தமாக விளக்கிக்கொண்டே வந்தார். பிளாஸ்டிக்கின் குணம், மழைக்காலத்தில் அது எப்படி இருக்கும், ஷிப்ட் இன்ஜினியருக்கு ஏன் ஒன்றும் தெரியாது என்று. புதுவாயல் சிக்னலில் நின்றபோது குரல் இறங்கியது.

"கொறைக்கத்தான் வேணும்," என்றார். "தெரியும். ஆப்பரேட்டர் வராத நாள்ல நான்தான அத்த ஓட்றேன். ஒன்ன அங்க பாத்தனா, வாய்ல மாறி வந்துச்சி."

அன்று இரவு சாப்பாட்டின்போது ரம்யா கேட்டாள், "இன்டர்வியூ கீதுன்னு ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"அப்..." என்று ஆரம்பித்த முனுசாமி நிறுத்தினார். கல்பனா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"போன தடவையும் போனேன்," என்றார். "அதுக்கு முன்ன தடவையும். எடுக்கல. ஊட்ல சொல்லிட்டுப் போய், அப்பறம் இல்லன்னு வந்து சொல்லணுமேன்னுதான் சொல்லல. இந்தத் தடவ ஒங்கம்மா சட்டைய தேச்சிக் குடுத்தா. எங்கேன்னு கேட்டா. அவகிட்டயும் சொல்லல." சொல்லி முடித்துவிட்டு, ஏதோ பாரம் இறக்கியவர் போல மூச்சு விட்டு, சோற்றைப் பார்த்தார். "போதுமா?"

"எனக்குத் தெரியும்," என்றாள் கல்பனா. "கல்யாண சட்டைய போட்டுக்கினு யார்னா பக்கெட்டு தூக்கப் போவாங்களா?"

அடுத்த வாரம் ஸ்ரீராமன் வந்தார். இன்டர்வியூ முதலிலிருந்து நடந்தது. ரம்யாவின் இன்டர்ன்ஷிப் அதற்குள் முடிந்துவிட்டதால் அன்று நடந்தது எல்லாம் முனுசாமி சொல்லித்தான் தெரியும். அவர் இப்போது சொல்கிற ஆளாகியிருந்தார். கேட்டதற்கு மேலேயும் சொன்னார். சூட்டைப் பற்றித் துளசிராமன் மறுபடியும் கேட்டாராம். கேள்வி முடிவதற்குள் இவர், "கொறைப்பேன் சார்," என்றாராம். மூன்றாவது நாற்காலியில் இருந்த ஸ்ரீராமன் பலவீனத்தைப் பற்றியே கேட்கவில்லையாம். அது முனுசாமிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. வேறு ஒரு நல்ல பதில் யோசித்து வைத்திருந்தார்.

சேர்க்கப்பட்டவர்களில் அவரும் இருந்தார். அப்பாவுவும் இருந்தார். பதவியின் பெயர் டிரெய்னி ஆபரேட்டர்.

"இந்த வயசுல டிரெய்னியா?" என்றாள் கல்பனா.

"ஒரு வருஷந்தான். அதுக்கப்பறம் டிரெய்னிய எடுத்துடுவாங்க," என்றார் முனுசாமி.

முற்றத்தில் அவருக்கு மேடம் அப்பா என்று பெயர் விழுந்துவிட்டது. யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தார்.

பள்ளி திறந்ததும் பழைய மாணவர் சங்கம் ஒரு விழா வைத்தது. இன்டர்ன்ஷிப் போன பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறி, கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். கப்பல் பெண், கப்பல் ரொம்பப் பெரியதாக இருந்தது என்றாள். பல் டாக்டரிடம் போன பையன், இனிமேல் சாக்லேட் சாப்பிட மாட்டேன் என்றான். ரம்யாவின் முறை வந்தபோது ஆதிநாராயணன் மைக்கை அவள் பக்கம் நீட்டி, "நீ சொல்லும்மா, எச்.ஆர். ஆவணும்னு ஆச கீதா?" என்றார்.

முதல் வரிசையில் அன்புசெல்வன் உட்கார்ந்திருந்தார். ரம்யா அவரைப் பார்த்தாள். நல்ல மனுஷர். அவரை வருத்தப்படவைக்க அவளுக்கு விருப்பம் இல்லை.

"பாக்கலாம் சார்," என்றாள்.

கூட்டம் கை தட்டியது. அன்புசெல்வன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்க, வெகு நேரம் சிரித்தார். பிறகு ஆதிநாராயணன், அடுத்த வருஷத்துக்கும் கை தூக்கும்படி பழைய மாணவர்களைக் கேட்டுக்கொண்டார்.